உள்ளத்தின் குரலும் உலக வாழ்வின் வெற்றியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உள்ளம் காட்டும் வழியே சென்று உலகில் உயர்வடைதல் என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். பொருளைத் தந்த செயலாளர் அவர்கள் அரை மணி நேரத்தில் முடிக்குமாறும் பணித்துள்ளார்கள். ஞானியர் ஒரு பிறவியில் முடிக்கமாட்டாத பொருளை அரை மணியில் முடிக்கச் சொல்லுதல் நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கமாதலின், யாம் அதனை மறுத்திலேம்.

"உன் உள்ளம் சொல்வதைக் கேள், வெற்றி தானே உன்னைத் தேடி வரும்" என்று கூறும் நூல்கள் இக்காலத்துக் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. கைப்பேசியைத் திறப்பின் அதனையே ஓதும் குரல்கள் பல. கேட்போர்க்கு அஃது இனிமை, கூறுவோர்க்கு வருவாய். கேட்டு நடந்தவர் இல்லத்தில் பின்னர் யாது நிகழ்ந்தது என்பதை அக்குரலுடையார் வந்து வினவுவதில்லை. ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கோ வினவாதிருத்தல் இயலவில்லை. இவ்வாண்டில் மட்டும் நம் சங்கத்தைச் சார்ந்த மூன்று இல்லத்தார் எம்மிடம் போந்து ஏறத்தாழ ஒரே வினாவை வினவினர். பிள்ளை, "என் உள்ளம் இவ்வழி சொல்லுகிறது" என்கின்றது. பெற்றோர், "எங்கள் உள்ளம் வேறு சொல்லுகிறதே, ஐயா" என்கின்றனர். இருதிறத்து உள்ளமும் பேசுகின்றன, எதனை நம்புவது? இவ்வினாவிற்கு யாம் கருதும் விடையினையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகின்றோம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். உள்ளத்துள் எழும் ஒலியனைத்தும் உள்ளொலி ஆகா. ஆசையும் உள்ளிருந்தே பேசும். அச்சமும் உள்ளிருந்தே பேசும். நேற்று அடுத்த வீட்டார் கூறிய சொல், ஓரிரவு கழிந்தபின் நம் சொந்தக் கருத்துப்போல் கோலங்கொண்டு உள்ளிருந்தே பேசும். இவற்றுள் ஆசையின் குரலே மிக இனிமையுடையது. ஆதலின் அதனையே பலரும் ஆண்டவன் குரலெனக் கொள்வர்.

இன்னும் சிலர் தம் உள்ளத்தைக் கேட்கவும் அஞ்சிக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பர். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சிறு குழந்தை எடுத்துத் தருவதே தீர்ப்பு. அவ்வழக்கத்தை யாம் இகழ்கின்றிலேம். இரண்டு வழிகளும் ஒத்த நன்மையுடையனவாய், உள்ளம் ஊசலாடி ஓயாதிருக்குங்கால் அஃது ஓர் ஆறுதலே. ஆயின், மகன் மருத்துவம் கற்பதா வாணிகம் செய்வதா என்பதை மூன்று வயதுக் குழந்தையின் கையில் விடுவது, தந்தையின் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றுவதாகும். விரும்பிய பூ வாராவிடின் மும்முறை பார்க்கவேண்டும் என்பாரும் உளர். அவர்க்கு முடிவு முன்னமே தெரிந்திருக்கின்றது.

நிற்க. உள்ளொலி என்ற சொல் எழுந்தவுடன் நம் நாட்டார் நாவில் வரும் பெயர் கணித மேதை சீனிவாச இராமானுஜன் பெயரே. அவர் நம் மரபிற் பிறந்தவரல்லர். எனினும் பரீட்சையில் தோற்ற நம் பிள்ளையர் பலர்க்கு அவரே புகலிடம். "இராமானுஜனும் தோற்றவர்தாமே" என்று கூறி அவர் நிழலில் ஒதுங்குவர். ஆதலின் அவர் வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். பதினாறாம் வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. பரீட்சைக்குப் படிப்போர் பொருட்டு ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகளை, நிறுவல் பெரும்பாலும் இன்றியே, நிரலாக அடுக்கிய நூல் அது. அம்முடிபுகள் எங்ஙனம் பெறப்பட்டன என்பதைத் தாமே கண்டறியப் புகுந்தார் அவ்விளைஞர். 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவிச் சம்பளத்தோடு சேர்ந்தவர், கணிதமொழிந்த பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, எப்.ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றார். இதுவரை நம் பிள்ளையர் அறிவர்.

அவர் குடும்பத்தார் நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரை வழிபட்டவர். தாயாரே கனவிற் போந்து சூத்திரங்களைத் தமக்கு அருளுவதாக அவர் நண்பர்களிடம் கூறியதுண்டு. அவரை நன்கு அறிந்த பி. வி. சேஷு ஐயரும் ஆர். இராமச்சந்திர ராவும் அவர் மறைவிற்குப்பின் எழுதிய வரலாற்றுக் குறிப்பில் இதனைப் பதிந்துள்ளனர். இதுவும் நம் பிள்ளையர் அறிவர். ஆனால் அக்குறிப்பிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. அதனை எடுத்துரைப்பார் அரியர். துயிலெழுந்தவுடன் இராமானுஜன் கனவிற் கண்ட முடிபுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சரிபார்க்கவும் செய்தார் என்பதே அச்செய்தி. தாயார் அருளியது என்று உறுதியாக நம்பியவர் ஏன் சரிபார்த்தல் வேண்டும்? நம்பிக்கை குறைவால் அன்று. கேட்ட செவி தம்முடையது என்பதை அவர் மறந்திலர்.

காகிதம் வாங்கப் போதிய பொருள் அவரிடத்தில் இல்லை. ஆதலின் கற்பலகையிற் கணக்கிட்டு, முடிபை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, துணி தேடவும் பொழுதின்றி முழங்கையாலேயே பலகையை அழித்து அடுத்ததனைத் தொடங்குவார். அழித்து அழித்து அம்முழங்கை கறுத்துத் தடித்திருந்தது என்பர். அன்பர்காள், இம்முழங்கையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தைக் கண்ட உலகம் முடிபுகளைக் கண்டது. அழிந்துபோன பலகையைக் கண்டிலது. வந்த வழி தெரியாத முடிபு வானின்றும் விழுந்ததுபோலத் தோன்றுதல் இயல்பே. புரூஸ் பெர்ன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அந்நோட்டுப் புத்தகங்களிற் கண்ட மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளை ஆராய்ந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் பிழையானவை மிகச் சிலவே. இராமானுஜன் நிறுவும் ஆற்றல் இல்லாதவரல்லர், நிறுவலை எழுதிவைக்காதவரே என்பது அப்பேராசிரியர் கருத்து.

இனி, சொல்லாது விடப்படும் இன்னொரு பகுதிக்கு வருவோம். 1912-இல் சென்னைத் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்திற்கு எழுத்தராக அமர்ந்த அவர், 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு மடல் விடுத்தார். அதற்கு முன்னர் வேறிருவர்க்கு எழுதியது பயன்பட்டிலது. ஹார்டிக்கு எழுதிய மடலில் அறிஞரை வியப்பில் ஆழ்த்திய முடிபுகள் பல இருந்தன. பகா எண்களைப் பற்றிய கூற்று ஒன்றும் இருந்தது. ஓர் எண்ணுக்குட்பட்ட பகா எண்கள் எத்துணை என்பதைப் புறக்கணிக்கத்தக்க சிறு வேறுபாட்டோடு தரும் சூத்திரம் தம்மிடம் உண்டு என்று எழுதியிருந்தார். அக்கூற்று பிழைபட்டது. கணக்கிட்டுக் காணக்கூடிய எண்களிடத்தெல்லாம் ஒருவகையாய் நடக்கும் பகா எண்கள், எவரும் எண்ணிக் காணவியலாத பேரெண்களிடத்தில் வேறுவகையாய் நடத்தலும் உண்டு. அதனை ஹார்டியின் தோழர் லிட்டில்வுட் 1914-இல் நிறுவினார்.

மனிதர் ஒருவரே; உள்ளம் ஒன்றே; வழிபட்ட தெய்வமும் ஒன்றே. ஆயினும் ஒரு முடிபு மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. உள்ளிருந்து கேட்குங்கால் இரண்டும் ஒரே தெளிவோடுதான் ஒலித்திருக்கும். இதுவே யாம் இன்று கூறவந்த பொருளின் உயிர்நிலை. உள்ளொலியின் உறுதியை அதன் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. இராமானுஜன் உள்ளத்திற்கே அச்சான்று போதாதாயின், நம் உள்ளத்திற்குப் போதும் என்று கொள்வது எங்ஙனம்?

ஹார்டி 1913 பிப்ரவரி 8-ஆம் நாள் எழுதிய விடையில் நிறுவல்களை அனுப்புமாறு வேண்டினார். இங்கே நம்மவர் ஒருவராயின், "என் உள்ளத்தை ஐயுறுகின்றான் இவ்வெள்ளையன்" என்று மடலைக் கிழித்திருப்பர். இராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். கடல் கடத்தற்கு முதலில் இசையாதிருந்த அன்னையார், கனவில் நாமகிரித் தாயாரின் கட்டளை பெற்று இசைந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. கேம்பிரிட்ஜில் அவர் செய்தது யாது? தமக்கு மாறான கொள்கையுடையவரும், கடவுட் கொள்கை அறவே இல்லாதவருமான ஒருவரோடு அமர்ந்து, தம் உள்ளத்தில் தோன்றியவற்றை அவர்தம் உரைகல்லில் உரைக்கக் கொடுத்தார்.

அதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். நான்கு மாங்கனிகளைக் குவியல்களாக வைக்க எத்தனை வழிகள்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக ஐந்து வழிகள். இருநூறு கனிகளாயின்? 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388 வழிகள். இவ்வெண்ணிக்கையை ஒன்றொன்றாக எண்ணாமலே அடையும் சூத்திரத்தை இராமானுஜனும் ஹார்டியும் கூடி 1918-இல் வெளியிட்டனர். மெக்மகான் என்பார் பெருமுயற்சியோடு கையாற் கணக்கிட்டுக் கண்ட விடையோடு அது பொருந்தியது. வேறுவேறு திறம் வாய்ந்த இருவர் கூடியதால் விளைந்த கனி அது.

ஒருதலையாகப் பேசுகின்றோம் என்று எவரும் கருதற்க. அவர் 1919-இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தமது 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவ்வாண்டு ஜனவரியில் நோயோடு ஹார்டிக்கு எழுதிய இறுதி மடலில் புதுவகைச் சார்புகள் சிலவற்றைக் குறித்திருந்தார். அவை இத்தகையன என்று உலகம் முழுதுற விளங்கிக்கொள்ளத் தொடங்கியது 2002-இல் ஸ்வெகர்ஸ் என்னும் டச்சு நாட்டு இளைஞர் செய்த ஆராய்ச்சியால். எண்பத்திரண்டு ஆண்டுகள்! உள்ளொலி என்பது ஒன்றில்லை, எல்லாம் மனமயக்கமே என்று கையை விரிப்பாரும் இதனை எண்ணுதல் வேண்டும். அறிவு நடந்து சென்று சேருமுன் உள்ளம் பறந்து சென்று சேர்தல் உண்டு. பறந்தது எங்கே இறங்கியது என்பதே ஆராயத்தக்கது.

இனி, கணிதம் ஒழிந்த துறை ஒன்றினை நோக்குவோம். அமெரிக்க நாட்டில் கேரி கிளைன் என்னும் உளநூலறிஞர் தீயணைப்புப் படைத் தலைவர்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். அவர்களுள் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது. வீடொன்றின் பின்புறச் சமையலறையில் தீ. படையினர் உட்சென்று நீர் பாய்ச்சினர், தீ தணியவில்லை. திடீரெனத் தலைவர் உள்ளத்தில் ஏதோ தோன்ற, "எல்லாரும் வெளியேறுக" என்றார். அவர்கள் வெளியேறியதும் நின்றிருந்த தளம் இடிந்து வீழ்ந்தது. தீ உண்மையில் அவர்கள் காலின்கீழ் நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. நிலவறை ஒன்று அவ்வீட்டில் உண்டென்பதையே தலைவர் அறிந்திலர். தமக்குத் தெய்விகமான ஆறாம் அறிவு ஒன்று உண்டென்றே அவர் நம்பியிருந்தார். கிளைன் துருவித் துருவி வினவியபோது வேறொன்று வெளிப்பட்டது. அச்சிறு தீக்கு அவ்வறையின் வெப்பம் மிகையாயிருந்தது. அவ்வெப்பத்திற்கு ஓசையோ குறைவாயிருந்தது. பல ஆண்டுகள் தீயோடு பழகிய அவர் உடல், அவ்வொவ்வாமையை அவர் வாய்க்கு முன்னே அறிந்துகொண்டது. அத்தலைவரின் முழங்கையும் கறுத்ததே.

இக்கிளைனும், உள்ளுணர்வைப் பெரிதும் ஐயுற்றவரான டேனியல் கானமன் என்பாரும் பல ஆண்டுகள் மாறுபட்டிருந்து, பின் கூடி ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் சாரம் இது: ஒரு துறையில் உள்ளுணர்வு நம்பத்தக்கதாதற்கு இரண்டு வேண்டும். அத்துறை ஒழுங்குடையதாக, காரணமும் காரியமும் தொடர்ந்து வருவதாக இருத்தல் ஒன்று. அதில் நெடுநாள் பழகி, செய்ததன் சரி பிழைகளை உடனுக்குடன் அறிந்து திருந்தும் வாய்ப்பு இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாவிடத்து உள்ளுணர்வு பேசாது என்பதன்று. அங்கும் அதே உறுதியோடு பேசும். அதுவே இடர்.

நம்மவர் ஒருவர் செய்தியை இவ்விடத்துக் கூற அவரே இசைவு தந்துள்ளார். பெயர் மட்டும் வேண்டா என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் நெல் வாணிகம் செய்தவர். மூட்டையில் கைவிட்டு ஒருபிடி அள்ளி, நான்கு மணிகளைப் பல்லிற் கடித்து, ஈரம் இவ்வளவு, அரிசி இவ்வளவு தேறும் என்பார். ஆலையில் அரைத்தால் அவ்வாறே இருக்கும். கடன் கேட்டு வருவோன் படியேறும்போதே, தருவானா தரானா என்பதை அறிவார். இத்தகையவர், மூன்றாண்டுகட்கு முன்னர்க் கைப்பேசி வழியே பங்கு வாணிகத்தில் இறங்கினார். அந்நாளில் ஏறுவதும் இறங்குவதும் ஆகிய விலையை அந்நாளிலேயே பந்தயம்போற் பிடிக்கும் முறை. "நெல்லில் பொய்க்காத உள்ளம் இதிலும் பொய்க்குமா?" என்பது அவர் கேள்வி. முதல் மாதம் பொருள் வந்தது, அதுவே கேடாயிற்று. மகள் திருமணத்திற்கென வைத்த நகைகள் இன்று அடகில் உள்ளன. அவர் உள்ளம் பொய்யான உள்ளமன்று. நெல் அவர்க்கு இருபத்தைந்து ஆண்டு பாடஞ் சொல்லிக் கொடுத்தது. பங்குச் சந்தை ஒரு நாளும் பாடஞ் சொல்லவில்லை, பரீட்சை மட்டும் வைத்தது.

இவ்விடத்தில், "இறைவன் உள்நின்று உணர்த்துவான் என்று நம் சமய நூல்கள் கூறவில்லையா?" என்று வினவுவார் உளர். கூறுகின்றன. யார்க்கு உணர்த்துவான் என்பதையும் அவையே கூறுகின்றன. ஆணவம் என்னும் ஒரு மலமே உடைய விஞ்ஞானகலர்க்கு உள்நின்று உணர்த்துவான். இருமலம் உடைய பிரளயாகலர்க்குத் தெய்வத் திருமேனியோடு முன்னின்று உணர்த்துவான். மும்மலமும் உடைய சகலர்க்கு மானிடக் குருவடிவில் எழுந்தருளி உணர்த்துவான் என்பது சைவ சித்தாந்தம். இவ்வவையில் உள்ளோர் எவ்வகையினர் என்பதை யாம் கூறவேண்டுவதில்லை. செயலாளர் உட்பட யாவரும் சகலரே. நமக்கு உரிய வழி, எதிரே நின்று திருத்தும் ஒருவர் வழியே.

"குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் உள்ளம் உருகி அரசன் பொருளையெல்லாம் திருப்பெருந்துறையிற் செலவிட்டாரே" என்று மாணிக்கவாசகரை எடுத்துக் காட்டுவர். அவர்க்கும் அருள் வந்தது குருந்தமரத்தடியில் குருவடிவாகவே என்பதைக் காண்க. அன்றியும் அவர் உலக வெற்றி நாடிச் சென்றவரல்லர். சிறையையும் வைகைச் சுடுமணலையும் ஏற்றவர். பங்குச் சந்தைக்கும் கல்லூரி மாற்றத்திற்கும் அவரைத் துணைக்கழைத்தல் அடாது.

கிரேக்க ஞானி சாக்ரடீசுக்கும் இளமை முதல் ஓர் உள்ளொலி இருந்தது. "செய்" என்று அது ஒருநாளும் ஏவியதில்லை; தகாதது நேருங்கால் "நில்" என்று தடுத்தது மட்டுமே என்று தம் வழக்குரையில் அவர் கூறியதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். இது நம் இல்லத்தார்க்கு மிகவும் பயன்படும். பொருள் வரும் என்னும் குரலைக் காட்டிலும், இப்பத்திரத்திற் கையெழுத்திடாதே என்னும் குரலுக்கு விரைந்து செவிகொடுத்தல் நன்று. அது பொய்ப்பினும் இழப்புச் சிறிது. அச்சமும் "நில்" என்றுதானே கூறும் எனின், ஆம். ஆனால் அச்சம் பெரும்பாலும் ஊரார் என்ன சொல்வர் என்பதையே பேசும். மனச்சான்று செயலைப் பற்றிப் பேசும்.

இனி, எம்மிடம் வந்த மூன்று இல்லத்தாருள் இருவர் செய்தியைச் சுருக்கிக் கூறுவோம். ஓர் இளைஞர், பொறியியல் இரண்டாமாண்டு. கல்லூரியை விடுத்துத் திரையிசை அமைக்கத் தம் உள்ளம் ஏவுவதாகக் கூறினார். அன்னையார் அழுதனர். யாம் அவரைத் தடுக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. "தம்பி, இதுவரை செய்து அழித்த பலகைகளைக் காட்டு" என்றோம். தம்மைக் கைப்பேசியிற் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காட்டினார். இசையறிந்த ஒருவரிடம் அழைத்துச் செல்வோமா என்றதற்கு, "அவர்க்கு என் உணர்வு விளங்காது" என்றார். இன்னும் ஓராண்டு, நாள்தோறும் இரண்டு மணி நேரம், பாராட்டுவார் எவரும் இல்லாத அறையில் பயின்று வருக. அப்போதும் அக்குரல் கேட்குமாயின் அன்னையாரிடம் யாமே பேசுவோம் என்று கூறி அனுப்பினோம்.

மற்றையவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். தந்தையார் வணிகவியலிற் சேர்த்து, இரண்டாண்டிற் திருமணமும் முடிக்க எண்ணியிருந்தார். அப்பெண்ணோ உயிரியல் கற்கவேண்டும் என்றார். காரணம் வினவியபோது வாய் திறக்கவில்லை, ஐந்து நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தார். தம் ஊர்க் கோயிற் குளத்திற்கு வரும் பறவைகளை ஐந்தாண்டுகளாக நாள், பொழுது, எண்ணிக்கையோடு குறித்து வைத்திருந்தார், மழைநாளும் விடுபடவில்லை. அவற்றைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு மணி நேரம் படித்து, பதினோரிடங்களிற் பறவையின் இனம் தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதைச் சிவப்பு மையால் திருத்தித் தந்தார். திருத்தங்களைக் கண்ட அப்பெண்ணின் முகம் மலர்ந்ததை யாம் நேரிற் கண்டோம். மெய்யான உள்ளொலி உடையார்க்குத் திருத்தம் விருந்து. அவர் தந்தையார் இன்னும் முடிவு கூறவில்லை. சேர்க்கை முடிய இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன.

பெண்மக்கள் "என் உள்ளம் சொல்லுகிறது" என்றால், நம் இல்லங்களில் அதனைப் பிடிவாதம் என்றே பெயரிடுகின்றோம். புதுக்கோட்டையில் 1886-இற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆடவர் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் மன்னர் இசைவோடு பயின்று, 1907-இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இற் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்திற் பேசிக்கொண்டேயிருந்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அன்று அவரைப் பிடிவாதக்காரி என்றோரும் ஊரில் இருந்திருப்பர்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இராமானுஜன் வரலாற்றில் நம் பிள்ளையர் இராமானுஜனைப் பார்க்கின்றனர். நாம் பார்க்கவேண்டியது இராமச்சந்திர ராவை. அவர் நெல்லூரிற் கலெக்டர். தேர்வில் தோற்று, அழுக்கேறிய உடையோடு கையில் நோட்டுப் புத்தகம் ஏந்தி வந்த இளைஞரை முதலில் ஐயுற்றவர்தாம். எனினும் பலமுறை கேட்டு, ஆராய்ந்து, தெளிந்தபின், என்ன வேண்டும் என்று வினவினார். கவலையின்றிக் கணக்கிட ஓய்வு வேண்டும் என்பதே விடை. சில காலம் மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய் தந்து உதவினார். துறைமுக அலுவலகத்திலோ, மேலாளர் நாராயண ஐயர் இரவு நேரங்களில் தாமும் ஒரு பலகையோடு உடன் அமர்ந்து கணக்கிட்டார் எனக் கூறுவர். இவ்விருவர் இலராயின் ஹார்டிக்கு மடல் சென்றிராது.

நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியோ, குறித்த மதிப்பெண் பெற்றோர்க்கே தரப்படுதல் விதி. அவ்விதியின்படி இராமானுஜன் நம்மிடம் விண்ணப்பித்திருப்பின் நாம் அவரைத் திருப்பி அனுப்பியிருப்போம். விதியைக் குறைகூற வரவில்லை; பலர்க்கும் ஒப்ப நடக்க அது வேண்டுவதே. ஆயினும் அந்நிதியில் பத்திலொரு பங்கைத் தனியே ஒதுக்கி, மதிப்பெண் நோக்காது, கையில் நோட்டுப் புத்தகமோ செய்துகாட்டும் பொருளோ உடைய பிள்ளைகட்கு, அவ்வத்துறை அறிந்தார் இருவர் ஆராய்ந்து கூறியபின் வழங்கலாம் என்று ஒரு தீர்மானம் எழுதியுள்ளோம். வரும் பொதுக்குழுவில் அதனைக் கொணர இருபது உறுப்பினர் கையொப்பம் வேண்டும். இதுவரை ஏழு பேர் இட்டுள்ளனர். தாள் செயலாளர் அவர்கள் மேசையில் உள்ளது. மையூற்றுப் பேனாவும் அருகில் வைத்துள்ளோம். குறித்த அரை மணியும் கடந்துவிட்டது.